பிள்ளை மா

விசுவமடு,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

சுமித்திரா எழுதுகிறேன். இங்கு நானும் மாமியும் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்து, டோகாவில் வேலையும் கரைச்சல் இல்லாமல் போகிறது என்று நம்புகிறேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் நிருஷன் லீவு முடிந்து புதன்கிழமை அங்கு திரும்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பைக்கற் மாவையும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் தொடங்க, நீங்கள் வேறு கதைக்குப் போய்விடுகிறீர்கள். நானும் விட்டுவிடுகிறேன்.

மாமிக்கு இருமல் மாறிவிட்டது. இந்தமுறை மழை பிந்தி நின்றதால் அறுவடை இழுபட்டு, நெல்லு ஈரமாகத்தான் வந்தது. காயவைத்து எடுக்கப் பெரும்பாடாகிவிட்டது.

மிளகாய்த்தூள், குரக்கன் மா, ஒடியல் மா, மல்லிக் கோப்பி, ஊறுகாய் எல்லாவற்றையும் செய்து விற்பதை நிறுத்திவிட்டேன். வறுத்த அரிசி மா மட்டும்தான் இப்போது. உங்களிடம் இதைச் சொல்லாமலே இவ்வளவு நாளும் கடத்திவிட்டேன்.

கார்த்திகையில் கிளிநொச்சியில் சிறுதொழில் செய்பவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். படிப்பித்தவர் சுகிர்தன் என்ற ஒரு தம்பி. சந்தைப்படுத்தல் படித்தவர், தன்மையானவர். எங்கள் சாமான்களை மேசையில் பரப்பிவிட்டு, இதில் எதைச் சனம் தானாகக் கேட்டு வாங்குகிறது என்று கேட்டார். அரிசி மா என்றேன். "அப்ப மிச்சத்தை ஏன் அக்கா சுமக்கிறியள்?" என்றார்.

பிறகு மா பைக்கற்றைக் கையில் எடுத்தார். நீங்கள் வெளிநாடு போகுமுன் ஆசையாக அடிப்பித்த லேபிள். அமுதகலசம் என்ற பெயர், கலசம், நெற்கதிர், பனைமரம், குத்துவிளக்கு, நூறு வீதம் இயற்கை, அம்மாவின் கைப்பக்குவம். நடுவில் புட்டுக் கோப்பையோடு சிரிக்கும் எங்கள் மகள். அவர் ஒவ்வொன்றாக விரலால் மறைத்து, இது இல்லாவிட்டாலும் சனத்துக்கு மாவை அடையாளம் தெரியுமோ என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெயரை மறைத்தபோதும் தெரியும் என்றேன். அமுதகலசம் என்று யார் கேட்கிறார்கள்? எல்லோருக்கும் அது பிள்ளை மா. கடைசியில் அவளின் முகம் மட்டும் மிஞ்சியது.

"இது ஒண்டு காணும் அக்கா. ஒரு சாமான், ஒரு முகம். மிச்சம் எல்லாம் இரைச்சல்" என்றார். படத்தில் இருப்பது மகளோ, எத்தனையாம் ஆண்டு படிக்கிறா என்றும் கேட்டார். மூன்றாம் ஆண்டு என்றேன். அவள் டெங்குக் காய்ச்சலில் போய் இரண்டு மாரி கழிந்துவிட்டதை அத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது? வாயில் வந்தது அதுதான்.

அவர் சொன்னபடியே செய்தேன். ஒரு வேலையை மட்டும் பார்க்கத் தொடங்கியதும் மா வறுக்க வரும் கமலாசனி அக்காவின் வறுவல் ஒரே நிறமாக, ஒரே வாசமாக வந்தது. லேபிளில் மற்றதெல்லாவற்றையும் எடுத்துவிட்டு முகத்தைப் பெரிதாகப் போட்டோம். அந்த லேபிளின் படத்தை உங்களுக்கு அனுப்ப, நீங்கள் பெருவிரலை உயர்த்திக் காட்டும் குறி ஒன்றை அனுப்பினீர்கள். கடைகளில் மா வைத்தவுடன் முடிந்தது.

பொங்கலுக்குப் பிறகு புதுக்குடியிருப்பில் சிற்றம்பலம் அண்ணையின் கடைக்குப் போனேன். நான் மூட்டையோடு பின்பக்கம் நிற்க, முன்னால் ஒரு மனுசி, "அண்ணை, பிள்ளை இருக்கோ?" என்று கேட்டா. "பிள்ளை முடிஞ்சுது தங்கச்சி, இண்டைக்கு வரும்" என்றார் அவர். அவர்கள் மாவைத்தான் கதைத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா அத்தான்? கொண்டுவந்த பைக்கற்றுகள் அவருக்குக் காணுமோ என்று யோசித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் விளங்கியது. பிள்ளை என்றால் எனக்கே மாதான் நினைவுக்கு வருகிறது. அழுகை வரும் என்று இருந்து பார்த்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி ஊறப்போட்டேன்.

அடுத்த கிழமை சுகிர்தன் தம்பிக்குப் போன் எடுத்து, படத்தை எடுக்கப்போகிறேன் என்றேன். சனம் அந்த முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறது, அதை எடுத்தால் திரும்ப முதலில் இருந்து தொடங்கவேண்டி வரும் என்றார். அப்போதுதான் மகள் இல்லை என்பதைச் சொன்னேன். பிறகு, "எடுங்கோ அக்கா. அந்த இடத்தில வேற ஒண்டும் வைக்காதேங்கோ. வெறுமையா விடுங்கோ" என்றார்.

இப்போது வெள்ளைப் பைக்கற். வறுத்த அரிசி மா, விசுவமடு என்று மட்டும் கறுப்பில் இருக்கிறது. நீங்கள் கையில் வைத்திருப்பது அதுதான். சிற்றம்பலம் அண்ணை முதல் தடவை பாதியைத் திருப்பிவிட்டார். பிள்ளை மா இல்லையோ என்று கேட்டுவிட்டுச் சனம் வேறு மா வாங்கிப் போகிறதாம். கமலாசனி அக்காவுக்கு இப்போது எல்லா நாளும் வேலை இல்லை. உடையார்கட்டில் இரண்டு கடைகள் திரும்பவும் மா கேட்டிருக்கின்றன. மா நல்ல மாதான். சனம் மெல்ல வரும், வராமலும் போகலாம்.

போன கிழமை நீங்கள் அனுப்பிய புது லேபிள்களைப் பார்த்தேன். முறுக்குக்கு ஒன்று, சத்துமாவுக்கு ஒன்று, இடியப்ப மாவுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அவள், தலைக்குப் பின்னால் சூரியன். வேலை முடிந்து வந்து அந்த நெருக்கமான அறையில் படுத்திருந்தபடி போனில் இதைச் செய்திருப்பீர்கள். வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அடிப்பிக்க மாட்டேன். கோபிக்க வேண்டாம்.

செத்தவீட்டன்று உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் நின்றீர்கள். பெட்டியை மூடும் நேரம் சிக்னல் போய், உங்கள் முகம் அப்படியே அசையாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சாமான்களைப் பற்றியும் லேபிள்களைப் பற்றியும்தான் கதைத்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு போன் எடுக்கும்போது அந்தக் கதை வேண்டாம். வேறு கதை வராவிட்டால் கதைக்கவே வேண்டாம். நானும் கதைக்க மாட்டேன். லைனை மட்டும் வெட்டாமல் வைத்திருங்கள், அத்தான். போன் காசு முடியும் மட்டும் இருந்தால் காணும்.

மருந்து எண்ணெயை நிருஷனிடம் கொடுத்திருக்கிறேன், படுக்க முன் முழங்காலுக்குப் பூசுங்கள். வெயிலில் நிற்கும்போது தலையை மூடிக்கொள்ளுங்கள். அம்மன் உங்களைப் பார்த்துக்கொள்ளுவா.

இப்படிக்கு,
லக்சிகாவின் அம்மா
சுமித்திரா