பத்து டிகிரி முப்பது

அம்பத்தூர்
4.3.84

அன்பு மருமகள் செலினுக்கு,

சைன், காஸ், டேன் மூன்றுக்கும் ஏக சக்கரவர்த்தியான உன் பாஸ்கல் மாமா எழுதுவது. கடைந்த நாற்பது பீஸும் கோணல் என்று எங்கள் கம்பெனியில் உன் புருஷன் அந்தோணிராஜை சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை விசாரணை. நான் என்னம்மா செய்ய? கோணம் பத்து டிகிரி முப்பது மினிட். "பீஸைச் சாய்க்கிற சைன் கட்டை இருநூறு மில்லிமீட்டர், அதன் ஒரு முனையை 35.8 தூக்கி வை" என்று வாயால் சொன்னேன். அவன் எவ்வளவு வைத்தானோ! என் ஸ்லைடு ரூல் கணக்கு தப்பினால் சூரியன் மேற்கே ஆவடிப் பக்கம் உதிக்கும்.

உன் மாமா,
பாஸ்கல்

நசரத்பேட்டை
6.3.84

அன்புள்ள மாமா,

என் பழைய பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பின்பக்க அட்டவணையில் பத்து டிகிரி முப்பது மினிட்டுக்கு சைன் 0.1822. கட்டையின் நீளம் இருநூறால் பெருக்கினால் 36.4. உங்கள் 35.8 பத்து புள்ளி மூன்று டிகிரிக்குத்தான் வருகிறது. முப்பது மினிட் என்றால் அரை டிகிரி மாமா. உங்கள் ரூலில் டிகிரி பத்துப் பங்காகப் பிரிந்திருக்கிறது; முப்பதைப் புள்ளி மூன்றில் வைத்துவிட்டீர்கள்.

இவர், "மாமா சொன்னதத்தான் வெச்சேன். நீ அவரப் போய்க் கேட்டுகினு நிக்காத" என்கிறார். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை அவருக்கு.

செலின்

அம்பத்தூர்
8.3.84

செலின் கண்ணு,

உன் கடிதம் படித்து என் தலைமுடி அத்தனையும், அதாவது பதினொன்றும், எழுந்து நின்றது. தாயே, ரிட்டயராக இன்னும் பதினான்கு மாதம். பாஸ்கல் கணக்கு என்றால் பைபிள் என்று முப்பது வருஷப் பேர். ராஜுக்கு வயசிருக்கிறது, ஒன்பது கம்பெனி முதலாளிகள் என் வாசலில் தவம் கிடக்கிறார்கள், எதிலாவது சேர்த்துவிடுகிறேன். என் முதல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

மாமா

நசரத்பேட்டை
10.3.84

மாமா,

அடுப்பில் போடவில்லை. அதை விசாரணையில் காட்டு என்கிறாள் அம்மா. "வேணாம், பெரியவரு தலை குனியக் கூடாது" என்கிறார் இவர். நான் காட்டப்போவதில்லை. நீங்களே வாயைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் எனக்குத் தாய்மாமன் இல்லை.

செலின்

அம்பத்தூர்
12.3.84

செலின்,

விசாரணையில் சொல்லிவிட்டேன். "அவன் நான் சொன்ன அளவைத்தான் வைத்தான். அளவு தப்பு." அவன் நாளைக்கே வேலைக்கு வரலாம். என்னை வர வேண்டாம் என்றார்கள்.

கேட் வரைக்கும் ராஜ் கூடவே வந்தான். என் டிபன் கேரியரை அவனே வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் வீட்டுக்கு வரலாமா? இத்தனை வருஷம் கேட்டு வந்ததில்லை. இப்போது கேட்கிறேன்.

பாஸ்கல்