சின்னவனுக்குப் பக்கத்து இடம்

ஒக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து தூறல். கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் எடுத்து வைத்தேன். பாதி இலை ஏற்கெனவே மஞ்சள்.

சேர்ச்சிலிருந்து மார்த்தாவின் போன். ஞாயிறு கடைசி ஆராதனையாம், அதோடு சபை கலைகிறது. எங்களை அகதிகளாகக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து, பண்ணைவீட்டில் இரண்டு குளிர்காலம் வைத்துப் பார்த்த மெனோனைட் கிறிஸ்தவ சபை. இப்போது ஏழெட்டுப் பேர், எல்லாரும் தள்ளாதவர்கள். கட்டடத்தை விற்கிறார்கள்.

"என்ன சமைத்துக்கொண்டு வரட்டும்?" என்றுதான் கேட்டேன். பிள்ளையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

சேர்ச்சுக்குப் பின்னால் சவக்காலையில்தான் கிடக்கிறான். பிறந்த துடக்குக் கழிக்க முன்பே போனவன், பெயரும் வைக்கவில்லை. பச்சைக் குழந்தையை எரிக்கிறதில்லை என்றபோது அவர்களே இடம் தந்தார்கள். கல்லில் 'குழந்தை' என்று மட்டும்.

ஒக்டோபர் 4, சனி

வெயில், ஆனாலும் குளிர். கட்லட், உறைப்புக் குறைத்து. ஒரு தட்டம் கருகிவிட்டது.

மகள் யாழினி மார்க்கம் நகரிலிருந்து வந்தாள்.

"சேர்ச்சை வித்தா தம்பியை ஆர் பாக்கிறது, அம்மா? பெர்மிட் எடுத்து இஞ்ச கொண்டுவருவம். நான் விசாரிச்சிட்டன்."

இவர் ரிவியைப் பார்த்தபடி, "உதை ஏன் இப்ப கிளறுறியள்?"

எப்போதும் இதே பேச்சுத்தான். எரிச்சல் வந்தது.

சபைக்காரருக்குக் குடும்பக் கல்லறை கிடையாது. சாகிற வரிசையிலேயே புதைப்பார்கள், புருஷன் ஓரிடம், பெண்சாதி ஓரிடம். எனக்கு அன்றும் அது பிடிக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு பக்கம் யாரோ பண்ணைக்காரர். மறுபக்கம் மார்த்தாவின் தாய், அவன் போன பிறகு வந்த தையில் போனவ. ஜெர்மன்தான் பேசுவா. என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இத்தனை காலம் அந்நியருக்கு நடுவே விட்டிருக்கிறேன் அவனை.

யாழினியிடம் சரி என்றேன். திங்கள் விண்ணப்பிப்பாள்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

இவரும் வந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காரில் ஏறியிருந்தார். வழியெல்லாம் சோளம் வெட்டிய வயல்.

மார்த்தா வோக்கரோடு வாசலில். "வாங்கோ, வாங்கோ." எங்களிடம் படித்த ஒரே தமிழ், மறக்கவில்லை. கட்டிப்பிடித்தால் வெறும் எலும்பு.

சபையின் கதையை அவள்தான் சொன்னாள். ஆயுதம் தூக்கமாட்டோம் என்று நாடுவிட்டு நாடு ஓடிவந்த முன்னோர். மரத்தில் கட்டிய முதல் சேர்ச். "பிறகு ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வாத்தியம் கிடையாது, நாலு குரலில் பாடுவார்கள். முன்பு கூரை அதிரும். இன்று கீழ்க்குரலுக்கு ஆளில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் பாட்டு வெறுமையாய்க் கிடந்தது. அழுதுவிட்டேன்.

கட்லட் முழுக்க முடிந்தது.

பிறகு பின்பக்கம். சவக்காலை விற்பனையில் இல்லையாம், ஊர்சபை புல் வெட்டுமாம். இவர் முழங்காலில் நின்று கல்லைச் சுற்றிப் புல் பிடுங்கினார். நான் மார்த்தாவிடம் சொன்னேன், பிள்ளையை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்று.

அவள் வோக்கரைக் கல்லுக்குக் கிட்ட உருட்டினாள். பிறகு தன் இங்கிலீசில், மெதுவாக: "உன் பிள்ளை, நீ எடுக்கலாம். அம்மா படுக்கையில் கிடந்தபோது தினமும் கேட்பாள், சபையில் வேறு யாரும் செத்தார்களா என்று. இல்லை என்றால் சந்தோஷம். 'அப்படியென்றால் சின்னவனுக்குப் பக்கத்து இடம் எனக்குத்தான்' என்பாள்."

நானும் குனிந்து ஒரு பிடி புல் பிடுங்கினேன். திரும்பி வரும்போது காரில் பார்த்தேன். இவருடைய நகத்துக்குள் மண்.

ஒக்டோபர் 6, திங்கள்

மழை. கறிவேப்பிலை இன்னும் கொட்டுகிறது.

வேலைக்குப் போகிற வழியில் யாழினியின் போன். "அம்மா, பெர்மிட்டுக்குப் போடட்டோ?"

"வேண்டாம் பிள்ளை."

"ஏனம்மா? அவன் அங்க தனிய எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அந்த மனுசி காத்திருந்து எடுத்த இடம். அவவைத் தனிய விடேலாது."