மூன்றரை மார்க் இழுப்பு

சிவகாசி, 1962 ஆடி

அன்புள்ள அக்கா முத்துப்பேச்சிக்கு, தம்பி கண்ணுச்சாமி வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் சுகம்தானே? இங்கே நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான்.

ஒவ்வொரு தனிமத்துக்கும் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் குணம் உண்டு. அதற்கு மார்க் போட்டிருக்கிறார்கள். அலுமினியத்துக்கு ஒன்றரை, பிராணவாயுவுக்கு மூன்றரை. எங்கள் பட்டாசுக் கம்பெனி கெமிஸ்டுக்கே நான்தான் விளக்கினேன். "ஐயா, இரும்புக் கரண்டி உரசிப் பொறி பட்டா, பிராணவாயு அலுமினியப் பொடிகிட்ட இருக்கிறதப் பிடுங்கிரும், தீப்பிடிச்சிரும். கரண்டிய மாத்துங்க" என்றேன்.

முதலாளி சிரித்தார். "ஏலே, அம்புட்டும் தெரிஞ்சவன் நீதான். தீபாவளி வரைக்கும் நீயே மருந்து கலக்கு" என்று மருந்து கலக்கும் அறையிலேயே போட்டுவிட்டார். கரண்டியை மாற்றவில்லை.

நேற்று மருந்தில் சின்னதாக ஒரு மின்னல் அடித்தது. கூட வேலை செய்யும் கோட்டைச்சாமிக்குப் புருவம் மட்டும் கருகியது. பயப்படாதே.

கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொடுத்துவிடு. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் எனக்கு நேர்த்திக்கடன் இருக்கிறதென்று அத்தானை முதலாளிக்கு எழுதச் சொல். நான் கேட்டால் விடமாட்டார்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். அக்கா, ஒன்று மட்டும் நானாகச் சேர்த்தது. கோட்டைச்சாமி என்று யாரும் இல்லை. அந்த அறையில் நான் ஒருவன்தான்.