யாரை இறக்கிவிடுவது?

மார்ச் 3

பாப்பா அப்பாவுக்கு,

பாப்பாவுக்கு இரண்டாவது பல் எட்டிப் பார்க்கிறது. நான் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

நீங்கள் கதை எழுதிய வீடியோ கேமின் சோதனைப் பதிப்பை, பாப்பா தூங்கும் மதியங்களில் ஆடிப் பார்த்தேன். சாலையெல்லாம் ஜாம்பிகள். தப்பி ஓட ஒரே கார், அதில் நாலு பேர். மூன்றாம் கட்டத்தில் பெட்ரோல் தீரப்போகிறது. பாரத்தைக் குறைக்க யாரை இறக்கிவிடுவது என்று திரை கேட்கிறது. நாலு பேரில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. திருப்பத்துக்குத் திருப்பம், “மெதுவா போங்க, பெட்ரோல் பாத்தீங்களா” என்கிறாள். அது என் வாய். அச்சு அசல்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி வந்து ஆடினார். யோசிக்கவே இல்லை. “இந்தம்மா தொணதொணப்பு தாங்கல அண்ணி, இறங்கட்டும்” என்று அவளைக் குழந்தையோடு ரோட்டில் விட்டுவிட்டுப் போனார். நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

நீங்கள் வேலைக்கென்று போய் நாலு மாதம். போனில் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எல்லோரும் இறக்கிவிடட்டும் என்றுதான் அவளுக்கு என் பேச்சைக் கொடுத்தீர்களா?

பாப்பா அம்மா

மார்ச் 9

பாப்பா அம்மாவுக்கு,

ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

இந்த மாதிரி விளையாட்டில் பாதி வழியில் ஒருவரைப் பறிகொடுத்தாக வேண்டும், அது எழுதாத சட்டம். அப்போதுதான் ஆடுகிறவர் மனசு பதறுமாம். அவளை இறக்க எவனுக்கும் மனசு வராது என்று நம்பித்தான் உன் பேச்சைக் கொடுத்தேன். சோதித்த நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் அவளைத்தான் இறக்கினார்கள். மடையன் நான்.

எனக்கும் உன் அந்தத் தொணதொணப்பு சில நாள் எரிச்சல்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அறையில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. போனில் உன் குரல் கேட்டதும் நானும் அழுதுவிடுவேன் போலிருக்கிறது, வைத்துவிடுகிறேன்.

அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன். இனி பெட்ரோல் தீர்ந்தால் மற்ற மூன்று பேரும் இறங்கித் தள்ள வேண்டும். ஸ்டியரிங் அவள் கையில், தள்ளி முடிக்கும்வரை அவள் வாயே திறக்க மாட்டாள். “ஜாம்பி துரத்துறப்போ வண்டி தள்ளுறதாய்யா கதை?” என்று குதித்த மேலாளர், ஆடிப் பார்த்துவிட்டு வியர்த்துப்போய் எழுந்தார். புதுப் பதிப்பை அனுப்பியிருக்கிறேன்.

பாப்பா அப்பா

மார்ச் 16

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் தம்பி தள்ளினார், தள்ளினார், பொத்தானை அமுக்கி விரல் சிவந்துவிட்டது. “அந்தம்மா ஏன் அண்ணி பேச மாட்டேங்குது, ஜாம்பி எந்தப் பக்கம் வருதுன்னு தெரியலையே” என்று புலம்பல் வேறு. நன்றாக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ‘எரிச்சல்தான்’ என்ற வரியைத்தான் அதிகம் படித்தேன். அது இருந்ததால்தான் மற்றதை நம்ப முடிந்தது.

நேற்று மதியம் பாப்பாவைத் தூங்கவைக்கப் போய் நானும் தூங்கிவிட்டேன். விழித்தபோது மணி ஐந்து. படுக்குமுன் இரண்டு தடவை தாழ் பார்க்கிறவள் நான், வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்துவிட்டு, பிறகு போய்ச் சாத்தினேன்.

நான்தான்