செத்த பெட்டியின் சத்தம்

திருவாதவூர்,
ஆயுத பூசைக்கு மறுநாள்

அன்புள்ள மச்சானுக்கு,

நாகஜோதி எழுதுகிறேன். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. கப்பலில் உங்களுக்குப் போன் கிடைக்காது என்பதால் மெயில் அனுப்புகிறேன். பார்த்த உடனே பதில் போடுங்கள்.

கிணற்று மோட்டாரை ஓட்ட நீங்கள் செய்து மாட்டிவிட்டுப் போன கம்ப்யூட்டர் பெட்டி, நேற்றிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பூசைக்கு மோட்டார் சுவிட்சுக்கெல்லாம் சந்தனம் வைத்த உங்கள் அப்பா, மகன் செய்ததை மட்டும் விடலாமா என்று பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளேயும் அப்பிவிட்டார். மெமரி கார்டு செருகும் இடமெல்லாம் சந்தனம். நீங்கள் சொல்லித் தந்தபடி கார்டை எடுத்துத் துடைத்துப் போட்டேன். வேறு சார்ஜரும் மாற்றிப் பார்த்தேன். திரையில் நாலு வரி ஓடுகிறது, பாதியில் அணைகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

அது போகட்டும். தொடங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். கூடவே கிணற்றுக்குள் மோட்டார் ஓர் உறுமல் உறுமி நிற்கிறது. எட்டிப் பார்த்தேன், தண்ணீர் அதிர்ந்தது.

நாளைக் காலை மாமா மோட்டாரில் சுற்றிய பாசியை எடுக்கக் கிணற்றில் இறங்கப் போகிறார். இடுப்பளவு தண்ணீரில் அந்த மோட்டாரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். கேபிள் தோல் உரிந்து கிடப்பது உங்களுக்கே தெரியும். சொன்னால், "அட போத்தா, செத்த பெட்டிக்கா இம்புட்டுப் பயம்?" என்று சிரிக்கிறார். அவர் வந்து பார்க்கிற நேரமெல்லாம் திரை கறுப்பாகவே இருந்து தொலைக்கிறது. ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்தேன். கிணற்றுக்குள் இருட்டு, பல்பு தொங்கவிடக் கரண்டு வேண்டும் என்று திரும்ப மாட்டிவிட்டார்.

பெட்டியிலிருந்து மோட்டார் சுவிட்சுக்கு மூன்று வயர் போகிறது. எதைக் கழற்றினால் மோட்டார் தானாக ஓடாது? தப்பாகத் தொட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதை மட்டும் எழுதுங்கள். நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பதெல்லாம் அப்புறம் கேட்கிறேன்.

பதில் வராவிட்டால் ப்யூஸ் கட்டையை மறுபடி பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் நிற்பேன். ஊரே பார்க்க மாமா என்னைத் திட்டட்டும். திட்டுவதற்கு அவர் இருக்கட்டும், மச்சான்.

அழகர் நம்மைக் கைவிடக் கூடாது.

உங்கள்
நாகஜோதி