எட்டு நிமிடம், ஒரு நாள்

செப்டம்பர் 4, திங்கள்

ஐம்பத்தெட்டு வயதில் மறுபடியும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இந்தப் பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம். மாணவர் பதிவு முழுக்க ஓடுகிற புரோகிராம் நான் எழுதியது. மெஷினோடு வந்த உதவிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், எட்டு மாதத்தில் எழுதினேன். இப்போது தலைமையாசிரியர் ஒரு விதி போட்டிருக்கிறார். பதிவின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் டேட்டாபேஸ் பாடத்தில் தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் மாதக் கடைசியில் பாஸ்வேர்டு அந்தப் பாட வாத்தியாரிடம் போகும்.

திங்கள், புதன் கடைசி பீரியட். மூன்றாவது வரிசை. எனக்கென்று பார்த்து, பாதி எழுத்து தேய்ந்த கீபோர்டு.

வாத்தியார் காதில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா செருகியிருக்கும். பெயர் இருக்கிறது, எனக்கு அவன் மார்க்கர்தான். என் புரோகிராமுக்கு இருபத்திரண்டு வயது, அவனுக்கு இருபத்தாறு.

செப்டம்பர் 6, புதன்

இன்று பாடம் பிரைமரி கீ. ஒரு டேபிளில் ஒவ்வொரு ஆளையும் மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிடுவதுதான் நல்லதாம். பிள்ளைகள் என்ன கைதிகளா?

சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அப்பா பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்தால் போதாதா என்று கேட்டேன். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒருவரால் மாற்றிக்கொள்ள முடியாதவை இரண்டு: யாருக்குப் பிறந்தோம், என்றைக்குப் பிறந்தோம். புத்தகத்தில் பார்த்து வைத்ததில்லை. யோசித்து வைத்தது.

மார்க்கர் வகுப்பைப் பார்த்துத் திரும்பி, “ஆன்ட்டி கேட்டதுக்கு யார் பதில் சொல்றீங்க?” என்றான். நான் அவனுக்கு ஆன்ட்டியா?

முன்வரிசையில் முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண். கையைக்கூடத் தூக்கவில்லை. “நானும் எங்கக்காவும் ட்வின்ஸ் சார். அப்படி வெச்சா எங்கள்ல ஒருத்தி ஸ்கூல்லயே சேர முடியாது.”

சிரிப்பு. அவள் விடவில்லை. “ஆனா ஸ்கூல் ரெக்கார்டுல நான் அவளுக்கு அடுத்த நாள் பொறந்திருக்கேன் சார். அது ஏன்னுதான் தெரியல.”

இன்னும் பெரிய சிரிப்பு. நான் கீபோர்டில் இருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 7, வியாழன்

சிரிக்கட்டும்.

செப்டம்பர் 13, புதன்

அந்தப் பெண்ணின் அம்மா அலுவலக ஜன்னலுக்கு வந்துவிட்டாள். தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்திருந்தாள். சின்னவள் ஏதோ நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தாளாம். பிறப்புச் சான்றிதழில் ஏப்ரல் 13, பள்ளிப் பதிவில் 14 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 30-ஆம் தேதிக்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் இந்த வருஷம் போயிற்று.

தேதி திருத்த மெஷின் வேண்டாம், தலைமையாசிரியர் முத்திரையோடு ஒரு படிவம் போதும். அதில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. பெற்றோர் தவறாகக் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், நாளைக்கே முடித்துத் தருகிறேன் என்றேன். நல்ல யோசனைதானே? எல்லோருக்கும் சுலபம்.

அவள் பேனாவைத் தொடவில்லை.

“முதல் வகுப்புலயே வந்து கேட்டேன் மேடம். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது, ஆஸ்பத்திரில போய்க் கேளுங்கன்னு சொன்னீங்க.”

எனக்கு ஞாபகமில்லை என்றேன்.

“ரெண்டு பேருக்கும் நடுவுல எட்டு நிமிஷம். எட்டு நிமிஷத்த ஒரு நாளாக்கிட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களே. பெத்தவ எனக்குத் தெரியாதா, எப்பப் பெத்தேன்னு?”

வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. ஜன்னலை மூடினேன். சாப்பாட்டு நேரம் என்று பலகை மாட்டினேன். மணி பத்தேகால்தான்.

செப்டம்பர் 14, வியாழன்

எனக்கு ஞாபகமில்லை என்று சொன்னது பொய். எழுதிவைக்கிறேன். இந்த நோட்டை யார் பார்க்கப்போகிறார்கள்?

புரோகிராம் ஓட ஆரம்பித்த முதல் வருஷம். பேக்கரிக்காரரின் இரட்டைப் பையன்கள். பெரியவனை ஏற்றினேன். சின்னவனை ஏற்றியதும் திரையில் வந்தது: இவர் ஏற்கெனவே இருக்கிறார். நானே எழுதிவைத்த வாக்கியம். பையன் என் மேஜைக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான், மெஷின் அவன் ஏற்கெனவே இருக்கிறான் என்றது.

அன்று சாயங்காலத்துக்குள் முந்நூறு பேரை ஏற்றியாக வேண்டும். அப்போதிருந்த தலைமையாசிரியர் கதவருகில் நின்று, இதற்குத்தான் நோட்டே போதும் என்றேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் எழுந்து நின்று, நான் கட்டியதில் கோளாறு என்று சொல்லவா? ஒன்றாம் தேதியை இரண்டாக்கினேன். மெஷின் ஏற்றுக்கொண்டது. அப்புறம் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மார்க், வருகை எல்லா டேபிளும் அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. அதை உருவினால் எல்லாம் சரியும்.

அடுத்த இரட்டையர் வந்தபோது கை தானாகவே ஒரு நாள் தள்ளியது.

செப்டம்பர் 18, திங்கள்

மார்க்கர் வகுப்பு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றான். புரோகிராமை ஒருமுறை திறந்து காட்டச் சொன்னான். மாட்டேன் என்றேன்.

“குறை கண்டுபிடிக்க இல்ல மேடம். இருபத்திரண்டு வருஷம் ஒண்ணு ஓடியிருக்குன்னா பார்க்க ஆசையா இருக்காதா?”

நைசாகப் பேசுகிறான். தேறிய பிறகு காட்டுகிறேன் என்றேன். அந்த முடிவெட்டின பெண் பையை மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடியே நின்றாள். பார்க்கட்டும்.

செப்டம்பர் 20, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்பா பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் விட்டால் மெஷினுக்கு அது வேறு பெயர். அச்சில் தெரியாது. தேதியை 13 ஆக்கலாம். யாரிடமும் வாய் திறக்க வேண்டாம்.

செய்தேன். ஏற்றுக்கொண்டது. நானா கொக்கா?

மார்க் பட்டியலைத் திறந்தேன். வெறுமை. முதல் வகுப்பிலிருந்து அவள் வாங்கிய ஒரு மார்க்கும் இல்லை. எல்லாம் அந்தப் பழைய பெயரிலும் 14-ஆம் தேதியிலும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. வெற்றிடத்தை எடுத்தேன், தேதியை மறுபடி 14 ஆக்கினேன். மார்க்குகள் வந்தன.

எழுந்து போய் ஏசியை அணைத்தேன். குளிர் அதிகம்.

செப்டம்பர் 21, வியாழன்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் வேலையைப் பற்றிப் பேச்செடுக்கவே மாட்டார். நான் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாததால் கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, பாதி.

மீதிப் பாதியை அவரே கண்டுபிடித்துக்கொண்டு, “உனக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்திருந்தா ஒண்ண நாளைக்கு வான்னு திருப்பி அனுப்பியிருப்ப” என்றார்.

எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். பிறகு கேட்டேன், லிஃப்டில் கோளாறு என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று.

“நிறுத்திட்டு, பழுதுன்னு பலகை மாட்டிடுவேன். அது என் மானப் பிரச்சினையா? உள்ள ஆள் இருக்குல்ல.”

பெரிய ஞானி.

செப்டம்பர் 25, திங்கள்

நாளை மறுநாள் தேர்வு. தையல்காரி இன்றும் வந்தாள். ஜன்னல் பக்கம் வரவில்லை, எதிரே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 27, புதன்

நாலாவது கேள்வி. ஒரு பள்ளியில் தந்தை பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்து மாணவர்களின் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். இதனால் வரக்கூடிய சிக்கலை உதாரணத்துடன் விளக்குக.

என்னைக் குத்தத்தான் வைத்திருக்கிறான். வேண்டுமென்றே. முன்வரிசையில் அவள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போயிருப்பேன்.

ஆனால் உதாரணம் கேட்டிருக்கிறான் அல்லவா?

பேக்கரிக்காரரின் இளைய மகன், நவம்பர் 2 அல்ல, நவம்பர் 1. நர்ஸின் இளைய மகள், மார்ச் 20 அல்ல, 19. பெயிண்டரின் இளைய மகன் டிசம்பர் 31. அவனை ஜனவரி 1 ஆக்கியதில் அவன் பிறந்த வருஷமே மாறிப்போயிற்று. பதினோரு பேர். ஒன்றுகூட மறக்கவில்லை, எந்தப் பதிவையும் பார்க்கவில்லை. கடைசியில் தையல்காரியின் இளைய மகள், ஏப்ரல் 14 அல்ல, 13. கீழே எழுதினேன்: மேற்கண்ட தேதிகளை மாற்றியது பெற்றோரோ மருத்துவமனையோ அல்ல. நான். கையெழுத்து.

யாரிடமும் போய் நின்று ஒன்றும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 28, வியாழன்

தலைமையாசிரியர் அறையில் நாற்பது நிமிடம். மார்க்கர் என் விடைத்தாளை அவரிடம் காட்டியிருந்தான். அவர் என்னென்ன சொன்னார் என்பது இந்த நோட்டில் ஏறாது. பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்தேன். திருத்தப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தை நானே நிரப்பினேன். பள்ளியின் தவறு என்று எழுதச் சொன்னார். பதிவு எழுத்தரின் தவறு என்று எழுதினேன். பள்ளி என்ன செய்தது?

தையல்காரி படிவத்தை இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

அக்டோபர் 3, செவ்வாய்

தேர்வில் அறுபத்தொன்று. தேறிவிட்டேன், இனி அதை வைத்து என்ன செய்ய? நாலாவது கேள்விக்குப் பத்துக்கு ஏழு. மூன்று மார்க் எங்கே என்று கேட்கப் போனேன்.

“உதாரணம் அருமை மேடம். ஆனா வேற என்ன கீ வைக்கணும்னு எழுதலையே.”

எழுதமாட்டேன் என்றேன்.

“அப்ப ஏழுதான்” என்றான், மார்க்கரைக் காதில் செருகிக்கொண்டே. அந்தத் தாளை அவன் கிழித்துப் போடவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். எதற்கு?

அக்டோபர் 6, வெள்ளி

புதுச் சிஸ்டத்தில் பழைய பெயர்களை ஏற்றும் வேலையை எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். வேறு யாருக்குத் தெரியும் எது எங்கே இருக்கிறது என்று? பாஸ்வேர்டு மார்க்கருடையது. காலையில் அவன் வந்து திறந்துவிட்டால்தான் நான் உட்கார முடியும். ஆளுக்கொரு நம்பர். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

மூன்று மணிக்குப் பட்டியலில் தையல்காரியின் மகள்கள் முறை வந்தது. 211, பெரியவள், ஏப்ரல் 13. அடுத்தது 212. அதே அப்பா பெயர். அதே 13. என்டரை அடிக்கும் முன் கை நின்றது. பழக்கம்.

அடித்தேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை.

213.