இஸ்திரி மேசையில் பத்தாம் வகுப்பு

ஜூலை 3

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். காட்டினால் அண்ணியும் மாட்டிக்கொள்வார்.

எங்கள் பள்ளியை மூடியபோது, "ரெண்டு பஸ் மாறிப் போய் ஒண்ணும் கிழிக்க வேண்டாம், கடைக்கு வா" என்றார் அப்பா. எங்களுடையது சலவைக் கடை. அண்ணிதான் ரகசியமாக என்னைப் போனிலேயே பாடம் நடத்தும் ஒரு தொலைதூரப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர்த்துவிட்டு, தன் பழைய போனையும் கொடுத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு அது அதிரும். எடுத்தால் டீச்சரும் பிள்ளைகளும் ஒரே லைனில் இருப்பார்கள். காதில் வயரைச் செருகி, முடியை முன்னால் இழுத்துவிட்டு, இஸ்திரி போட்டபடியே கேட்கிறேன். பேர் கூப்பிடும்போது மட்டும் துணி மூட்டைக்குப் பின்னால் குனிந்து "உள்ளேன்" சொல்வேன். தொடர்ந்து மூன்று நாள் சொல்லாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள்.

ஜூலை 8

இன்று டீச்சர் பேசும்போது சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. எங்களில் யாருக்கும் தெரியாத போர்டில் யாருக்காக எழுதுகிறார்? பழக்கம் போல.

பழைய பள்ளியில் எங்களுடையது மூன்றாவது பெஞ்ச். அதற்கு ஒரு கால் குட்டை. நான் அசைந்தால் பக்கத்தில் உட்காரும் என் தோழி வாலுவின் கையெழுத்து கோணும். "முழங்கையை வீட்ல வெச்சுட்டு வாடி!" என்பாள். மழை பெய்தால் ஜன்னலோரத்துப் பிள்ளைகள் நடுவில் வந்து நெருக்கிக்கொள்வார்கள். ஈரச் சீருடை வாசனை, கதகதப்பு. போனில் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு தோளும் இடிக்கவில்லை.

ஜூலை 11

வாலு இப்போது யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்?

ஜூலை 15

தொலைந்தேன்.

டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தெரிந்த பதில். பழைய வகுப்பில் இருக்கிற நினைப்பிலேயே கையை உயரத் தூக்கி, "நான் சொல்றேன் டீச்சர்!" என்று கத்திவிட்டேன். கடை நடுவில்! இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே நின்றுவிட்டது. துணி வாங்க வந்த பஸ் டிரைவர், "என்ன பாப்பா, கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தறியா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என் காதிலிருந்த வயரை உருவினார்.

"யாருடி டீச்சர்?"

கருகல் நாற்றம். அண்ணிதான் முன்னால் வந்து, "நான்தான் மாமா சேர்த்துவிட்டேன்" என்றார்.

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

போன் அப்பாவின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

ஜூலை 16

அவர் பையில் அது அதிர்ந்தது. அணைத்துவிட்டார்.

ஜூலை 17

இன்றும் அதிர்ந்தது. அடங்கும்வரை விட்டுவிட்டார். நாளையும் போனால் என் பேர் போய்விடும். என்ன செய்வேன்?

பள்ளியின் கடைசி நாளில் டீச்சர்கள் எங்களையே பெஞ்சுகளை வெளியே தூக்கி வைக்கச் சொன்னார்கள். நானும் வாலுவும் எங்கள் பெஞ்சைத் தூக்காமல் அதில் உட்கார்ந்தே இருந்தோம். யாரும் திட்டவில்லை. அன்றைக்குத் திட்டியிருக்கலாம்.

ஜூலை 18

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், "இந்தத் துணியையெல்லாம் குடுத்துட்டு வா" என்று அப்பா என்னை அனுப்பிவிட்டார். வேண்டுமென்றேதான். தெரு முழுக்க அழுதுகொண்டே நடந்தேன்.

திரும்பி வந்ததும் அண்ணி என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"பேரை எடுத்துடுவாங்கன்னு காலையிலேயே மாமாகிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் போன் வந்துச்சா, எடுத்துட்டார். அங்க உன் பேரைக் கூப்பிட்டாங்க. மனுஷன் எழுந்து நின்னு, 'உள்ளேன் டீச்சர்!'ங்கறார்!"

"அப்பாவா?"

"அப்புறம் தடுமாறி, 'இல்ல, பொண்ணு வேலையா போயிருக்கா, இப்ப வந்துடுவா, பேரை வெட்டிடாதீங்க'ன்னார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஆனா போனை வெக்கல. பாடம் முடியறவரைக்கும் காதுலயே வெச்சிருந்தார்."

சாப்பிடும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோபமா? நாளை போனைத் தருவாரா? தெரியவில்லை—

கதவு தட்டுகிறது. அப்பா.

"முழிச்சிருக்கியா பாப்பா? அந்த டீச்சரம்மா வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க. எனக்கு மறந்துபோறதுக்குள்ள எழுதிக்கோ, கதவைத் திற." இதோ போகிறேன்.